ஐந்தாவது மியூசியம்

எங்கள் கம்பெனியின் தலைமை அலுவலகம் சுவிட்சர்லாந்தில், பாசல் என்ற ஊரில் இருக்கிறது. நியூ ஜெர்சியில் மாத்திரை செய்கிற எங்களைக் கூப்பிட்டு, மாத்திரை எப்படிச் செய்வது என்று அங்கே மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாடம் நடத்துவார்கள். இப்படிப் போகிற தமிழர் யாராக இருந்தாலும், விமானம் ஏறுவதற்கு முன் ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் மகாதேவன் அங்கிள் வீட்டுக்கு ஒரு நடை போய் வரவேண்டும் என்பது எழுதாத சட்டம். அவர் ஒரு பட்டியல் கொடுப்பார். பாசலில் பார்க்க வேண்டிய மியூசியங்கள் ஐந்து. கையால் எழுதி ஜெராக்ஸ் எடுத்த ஒரே தாள்.

வலிய யோசனை சொல்கிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. அதிலும் மியூசியம் என்றால் கொட்டாவி வரும். 2000ஆம் வருஷம் அக்டோபரில் என் முறை வந்தபோது, "இன்டர்நெட்ல எல்லாம் கிடக்குது, அவர்கிட்ட எதுக்குப் போய் நிக்கணும்?" என்று முகிலனிடம் எரிந்து விழுந்தேன். முகிலன் என் கணவன். யார் மனசும் நோகக் கூடாது என்று நினைக்கிற ரகம். அந்த வேலையை எனக்கும் சேர்த்து அவனே செய்துவிடுகிறான்.

"போயிட்டு வந்துடு வான்மதி. அவரோட வைஃப் தவறிப்போனது அந்த ஊர்லதான். நம்ம கம்பெனிலதான் வேலை பாத்தாங்க. தொண்ணூத்து மூணுல."

சனிக்கிழமை மத்தியானம் போனேன்.

முன்கதவு திறந்தே இருந்தது. மணி அடித்தேன், யாரும் வரவில்லை. உள்ளே பேஸ்மென்ட் பக்கமிருந்து தொம் தொம் என்று காலடிச் சத்தம் ஏறி வந்தது, இறங்கியது, மறுபடி ஏறியது. கூடவே ஆண் குரலில் எண்கள். நூற்றுப் பதினொன்று, நூற்றுப் பன்னிரண்டு. பிறகு பேஸ்மென்ட் கதவு திறந்து ஒருவர் வெளியே வந்தார். ஐம்பது வயது இருக்கும். ஒல்லி உடம்பு, நெற்றியில் வியர்வை, மூச்சு இரைக்கிறது. தோளில் பெண்கள் மாட்டிக்கொள்கிற பழுப்பு நிற ஹேண்ட்பேக்.

எனக்குத் திரும்பி ஓடிவிடலாம் போல இருந்தது. அவர்தான் சாதாரணமாக, "வான்மதிதானே? உக்காரும்மா, காபி போடறேன்" என்றார். பையைத் தோளிலிருந்து இறக்கி, சாப்பாட்டு மேஜைமேல் ஒரு மனிதருக்கு நாற்காலி போடுகிற மாதிரி பக்குவமாக வைத்தார்.

மகாதேவன் மாநில அரசின் சாலைத் துறையில் இன்ஜினியர். பாலங்களுக்கு அடியில் போய் நின்று, எங்கே விரிசல் விட்டிருக்கிறது, எத்தனை அங்குலம் என்று பார்த்து எழுதுகிற வேலை. சொந்த ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். குழந்தை கிடையாது. வீடு துடைத்துவிட்ட மாதிரி சுத்தமாக இருந்தது. வாசலில் பெண்கள் செருப்பு ஒரு ஜோடி. அதில் தூசி இல்லை.

காபியைக் கொடுத்துவிட்டு என்னைக் கேள்வி கேட்க ஆரம்பித்தார். வயது என்ன? மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குமா? காலில் என்ன ஷூ? ஹேண்ட்பேக் கொண்டுபோவேனா? அதைக் காட்ட முடியுமா? காட்டினேன். இந்தியா போகும்போது சூட்கேஸ் எடை பார்க்க நம் ஆட்கள் எல்லார் வீட்டிலும் ஒரு கொக்கித் தராசு இருக்குமே, அதை அலமாரியிலிருந்து எடுத்து என் கைப்பையை மாட்டித் தூக்கினார்.

"ஒன்றரைக் கிலோ. இன்னொரு ஒன்றரை கிலோ சேத்துக்கோம்மா. ஒரு குடை, ஒரு புக்கு, ஏதாவது."

"எதுக்கு அங்கிள்?" என்றேன். குரல் கொஞ்சம் சூடாகத்தான் வந்தது. "மியூசியம் பாக்கறதுக்கு எதுக்கு மூணு கிலோ தூக்கணும்?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "இதுவரைக்கும் யாருமே எதுக்குன்னு கேட்டதில்ல. சரி சரின்னு தலையாட்டிட்டுப் போயிடுவாங்க" என்றார். பிறகு சொன்னார்.

அவர் மனைவி பெயர் அனந்தலக்ஷ்மி. 1993 பிப்ரவரியில் கம்பெனி மீட்டிங்குக்காக பாசல் போயிருந்தார். வியாழக்கிழமையோடு வேலை முடிந்தது, சனிக்கிழமை விமானம். வெள்ளிக்கிழமை சும்மா. விருந்தினர்களுக்கு என்று கம்பெனி ஒரு சீட்டு கொடுத்திருந்தது. அதைக் காட்டினால் ஐந்து மியூசியத்துக்குள் இலவசமாக விடுவார்கள், அன்றைக்கு ஒரு நாள் மட்டும். அனந்தலக்ஷ்மி மூன்று பார்த்தார். மத்தியானம் ஒரு மணிக்கு ஒரு போன் பூத்திலிருந்து வீட்டுக்குப் பேசினார். நியூ ஜெர்சியில் அப்போது காலை ஏழு மணி.

"வெளிய ஒரே ஸ்னோ" என்றார் மகாதேவன். "காரைச் சுரண்டணும், எட்டு மணிக்கு ட்ரென்டன்ல மீட்டிங். ஒரு கையில போனு, ஒரு கையில டை. மூணு பாத்துட்டேங்க, தோள்பட்டை எல்லாம் வலிக்குது, தள்ளாட்டமா இருக்கு, ரூமுக்குப் போய்ப் படுக்கட்டுமான்னு கேட்டா. நான் என்ன சொன்னேன் தெரியுமா? ஓசி டிக்கெட், இன்னிக்கு விட்டா போச்சு. அவ்வளவு தூரம் போயிட்டு யாராவது ரூம்ல படுப்பாங்களா, இன்னும் ரெண்டுதானே, பாத்துட்டுப் போ அப்படின்னேன். சரிங்கன்னா. வெச்சுட்டேன்."

சாயங்காலம் ஐந்து மணிக்கு ஆற்றங்கரையில் ஒரு பெஞ்சில் அவரைக் கண்டெடுத்தார்கள். மாரடைப்பு. முப்பத்தெட்டு வயது. கம்பெனி உடம்பை அனுப்பிவைத்தது. நியூவார்க்கில் போய் வாங்கிக்கொண்டேன் என்று, பார்சல் வாங்கினதைச் சொல்வதுபோலச் சொன்னார்.

நான் காபியை அப்படியே வைத்துவிட்டேன்.

பாசலில் அனந்தலக்ஷ்மி தங்கிய ஹோட்டல் ரைன் ஆற்றுக்கு அக்கரையில். அந்தப் பெஞ்சு இக்கரையில், படகுத் துறைக்குப் பக்கத்தில். அங்கேதான் சிக்கல். மூன்றாவது மியூசியத்தோடு நிறுத்திக்கொண்டு ரூமுக்குத் திரும்புகிறவளும் படகுக்காக அந்தப் பெஞ்சில்தான் உட்கார்ந்திருப்பாள். ஐந்தையும் பார்த்து முடித்தவளும் அங்கேதான் வந்து சேர்வாள், ஐந்தாவது மியூசியம் அந்தத் துறைக்கு அருகில்தான். ஒவ்வொரு வாசலிலும் கிழித்துக் கொடுத்த அந்தச் சீட்டு மட்டும் பையில் இல்லை. பையில் இருந்ததை அவர் எனக்கு ஒப்பித்தார்: பாஸ்போர்ட், மூக்குக்கண்ணாடி, குங்குமச் சிமிழ், பாதி தின்ற சாக்லேட், ஒன்றும் எழுதாத ஒரு முரட்டுக் காகிதம்.

"ஹோட்டல் பேப்பர். எனக்கு ஏதோ எழுதறதுக்கு எடுத்து வெச்சிருக்கா. எழுதறதுக்குள்ள..." என்று நிறுத்தினார்.

பேஸ்மென்டில் அவர் ஏறி இறங்கியது எதற்கென்று அப்போதுதான் புரிந்தது. நான்காவது மியூசியத்தின் படிகள், ஐந்தாவதுக்குப் போகிற சரிவு எல்லாவற்றையும் போய்வந்தவர்களிடம் கேட்டுக் கணக்கெடுத்து, அதே பையை, அதே கனத்தோடு மாட்டிக்கொண்டு ஏழு வருஷமாக ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறார். வலிக்கிற தோளோடு ஒருத்தியால் அத்தனை படி ஏறியிருக்க முடியாது என்று நிரூபிக்கப் பார்க்கிறார்.

"எனக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணும்மா. நாலும் அஞ்சும் அவ போகலேன்னு தெரியணும். கல்யாணம் ஆன நாள்லேந்து நான் சொன்னதத் தட்டினதில்ல. அன்னிக்கு ஒரே ஒரு நாள் என் பேச்சைக் கேக்காம இருந்திருக்கணும். சாமிகிட்ட அதத்தான் கேக்கறேன்."

அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருந்தது. அனந்தலக்ஷ்மிக்கு ஒரு பழக்கம். எங்கே போனாலும் பார்வையாளர் புத்தகம் ஒன்று வைத்திருந்தால் விடமாட்டார். தமிழில் பெயர், புருஷன் பெயர், ஊர், தேதி எழுதி, கீழே இரண்டு வரியும் எழுதுவார். மிருகக்காட்சி சாலையில்கூட எழுதியிருக்கிறார். 'உன் பேரை கெஜட்ல போடப்போறாங்களா' என்று இவர் கேலி செய்வாராம். பாசலில் நான்காவது மியூசியத்தில் அந்த மாதிரிப் புத்தகம் கிடையாது. ஐந்தாவதில் உண்டு. பட்டியலில் ஐந்தாவதுக்குக் கீழே எழுதியிருந்தது அதுதான்: 'பழைய பார்வையாளர் புத்தகம், 1993 பிப்ரவரி, இருக்கிறதா என்று கேட்கவும்.'

"இதுவரைக்கும் போனவங்க?"

"நிறைய பேரு அஞ்சாவது வரைக்கும் போறதில்ல. மூணு பேரு போனாங்க. செல்வராஜ், சாந்தி, சபரிநாதன். பழைய புக்கெல்லாம் இப்ப வெச்சிருக்கறதில்லயாம். எதுக்கும் நீயும் ஒரு தடவை கேளு."

"நீங்களே ஒரு லெட்டர் போட்டுக் கேக்கலாமே அங்கிள்?"

"போட்டா பத்து நாள்ல பதில் வந்துடும்மா."

"அதுக்குத்தானே லெட்டர்?"

"அதான் போடல" என்றார். இரண்டு தரம் டிக்கெட் வாங்கி, நியூவார்க் ஏர்போர்ட்டில் காரை நிறுத்துகிற இடம் வரைக்கும் போய்த் திரும்பிவிட்டதையும் சொன்னார்.

எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. ஒரு பெண் படுக்கட்டுமா என்று கேட்கிறாள், இவர் ஓசி டிக்கெட் பேசுகிறார். ஆனால் வீட்டுக்கு வருகிற வழியில் ரூட் 18 சிக்னலில் நிற்கும்போது வேறொன்று நினைவுக்கு வந்தது. போன வருஷம் நயாகராவில் முகிலன் தலைவலி என்றபோது, 'பாஸ் வாங்கியாச்சு, போட் ரைடையும் முடிச்சிட்டே போயிடலாம்' என்று இழுத்துக்கொண்டு போனது நான்தான். முகிலன் பிழைத்துக்கொண்டான், அவ்வளவுதான் வித்தியாசம். இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்பதுதான் இந்த ஊரில் நம் எல்லாருக்கும் உள்ள வியாதி.

பாசலில் வெள்ளிக்கிழமை எனக்கும் மீட்டிங் இல்லை. கைப்பையில் ஒரு குடையும், ஹோட்டல் மேஜையிலிருந்த பைபிளும் போட்டு மூன்று கிலோ ஆக்கிக்கொண்டு கிளம்பினேன்.

முதலாவது, பழைய தேவாலயத்துக்குள் இருக்கிற சரித்திர மியூசியம். அங்கே ஒரு ராஜாவின் தலை. உள்ளே கடிகார யந்திரம் வைத்திருக்கிறார்கள், கண்ணை உருட்டி, நாக்கை நீட்டிப் பழிப்புக் காட்டும். பட்டியலில் மகாதேவன், 'இதைப் பார்த்து அவள் சிரித்தாள்' என்று எழுதியிருந்தார். போனில் சொல்லியிருக்கிறார் போலும். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த நாக்கு உள்ளே போவதும் வருவதுமாக இருந்தது, நான் அடுத்த அறைக்கு நகர்ந்துவிட்டேன்.

இரண்டாவது ஓவிய மியூசியம். 'மாடியில் ஒரு நீளமான படம். அதன் முன்னால் நிற்காதே' என்று இருந்தது. நிற்காதே என்றால் நான் நிற்பேன். ஆள் நீளத்துக்கு ஒரு பலகை, ஒரு முழ உயரம்தான் இருக்கும். அதற்குள் மல்லாந்து கிடக்கிற ஒரு செத்த உடம்பு. வாய் திறந்திருக்கிறது, கண் மூடவில்லை, விரல்கள் கறுத்துவிட்டன. ஏசுநாதராம். ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் வரைந்தது. அனந்தலக்ஷ்மியும் இங்கே நின்றிருக்கிறார், உடம்பில் வலி தொடங்கிய நேரத்தில். எனக்கு அந்த அறையில் என் பக்கத்தில் யாரோ நிற்பதுபோல இருந்தது. திரும்பிப் பார்த்தேன். காவல்காரர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், வேறு யாரும் இல்லை.

மூன்றாவது, எதிர்ச்சாரியில் கிரேக்கத்துப் பானைகளும் சிலைகளும். வெளியே வந்தால் போன் பூத். பட்டியலில் அந்தப் பூத்துக்கு எண் போடவில்லை, 'இங்கேதான்' என்று மட்டும் இருந்தது. கடிகாரத்தைப் பார்த்தேன், ஒரு மணிக்கு ஐந்து நிமிஷம். இவ்வளவு கச்சிதமாக நடந்து வந்திருக்கிறேன் என்று தெரிந்ததும் பூத்தின் பக்கம் திரும்பாமல் நடையைக் கட்டினேன்.

நான்காவது, பேராலயத்து மேட்டில். பசிபிக் தீவுகளின் முகமூடிகள், கூரை முட்டுகிற அளவுக்கு ஒரு பேய் வீடு. அங்கே படிகளை எண்ணினேன். மகாதேவன் எழுதியதில் இரண்டு குறைந்தது. அதைப் போய் அவரிடம் சொல்லலாமா என்று நினைத்து, என்மேலேயே வெறுப்பு வந்தது. நானும் கணக்குப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன். பையின் பட்டை தோளை அறுத்தது. அங்கிருந்து நீளத் தெரு, பிறகு கல் பாவிய சரிவு, அடியில் ஆற்றங்கரை. சரிவில் இறங்கும்போது முழங்கால் நடுங்கியது. இருபத்தொன்பது வயதில் எனக்கே இப்படி என்றால் அவர் இறங்கியிருக்க மாட்டார், மாட்டவே மாட்டார் என்று நானும் வேண்டிக்கொண்டேன்.

ஐந்தாவது ஒரு பழைய காகித ஆலை. வாய்க்கால் தண்ணீரில் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. உள்ளே தொட்டியில் கூழ் கரைத்து வைத்து, வருகிறவர்கள் கையில் ஒரு சல்லடைச் சட்டத்தைக் கொடுக்கிறார்கள். அமுக்கி எடுத்தால் நம் காகிதத்தை நாமே செய்துகொள்ளலாம். பிழிந்து, காய வைத்து, போகும்போது கையில் தருவார்கள். நான் ஒன்று செய்தேன். நன்றாக வந்திருந்தது. மகாதேவன் அங்கிளுக்கு இதைக் கொடுக்கலாம் என்று தோன்றியது. போய்வந்த எல்லாரும் அவருக்கு சாக்லேட்தான் கொண்டு கொடுக்கிறார்கள், அவருக்கோ சர்க்கரை. பெரியவர் வீட்டுக்கு வெறுங்கையோடு போக முடியாதே.

வாசல் மேஜையில் ஒரு வயதான அம்மாள். பழைய பார்வையாளர் புத்தகங்கள் இருக்கிறதா என்று ஆங்கிலத்தில் கேட்டேன். மாதம் வருஷம் நான் சொல்வதற்குள் அவரே, "1993 பிப்ரவரியா?" என்றார்.

அலமாரியிலிருந்து தடித்த புத்தகம் ஒன்றை எடுத்துவந்தார். நடுவில் ஒரு காகிதத் துண்டு அடையாளம் வைத்திருந்தது. "நீங்கள் நான்காவது ஆள். மூன்று பேர் வந்தார்கள். மூன்று பேரும் நின்றபடியே படித்தார்கள், பிறகு உட்கார்ந்துவிட்டார்கள்" என்றார். எனக்கும் ஒரு நாற்காலியை நகர்த்திப் போட்டார்.

ஜெர்மனும் பிரெஞ்சுமாக நிறைந்த பக்கத்தில், நடுவில் ஐந்து வரி தமிழ். உருண்டை உருண்டையான கையெழுத்து. பள்ளிக்கூடத்துப் பரிசு வாங்கிய கையெழுத்து.

'அனந்தலக்ஷ்மி மகாதேவன், அம்பாசமுத்திரம். இப்போது நியூ ஜெர்சி. என் வீட்டுக்காரர் ஐந்தையும் பார்க்கச் சொன்னார். பார்த்துவிட்டேன். ஒன்றையும் விடவில்லை. உடம்புதான் ஓய்ந்துவிட்டது. அவருக்குச் சந்தோஷமாக இருக்கும்.'

நான் உட்கார்ந்தேன்.

"என்ன எழுதியிருக்கிறது? எனக்கு ரொம்ப நாளாகத் தெரிந்துகொள்ள ஆசை" என்றார் அந்த அம்மாள்.

"நல்ல மியூசியம் என்று எழுதியிருக்கிறார்."

"மற்ற மூன்று பேரும் அதையேதான் சொன்னார்கள்" என்று சொல்லிவிட்டு அவர் புத்தகத்தை மூடினார்.

வெளியே வந்து, பட்டியலில் குறித்திருந்தபடி படகுத் துறையிலிருந்து மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்தேன். பட்டியல் அந்தப் பெஞ்சோடு முடிகிறது, கீழே தாள் வெறுமையாக இருந்தது. எதிரே படகு, மேலே கட்டிய கம்பியைப் பிடித்தபடி, மோட்டார் இல்லாமல், ஆற்றின் இழுப்பிலேயே அக்கரைக்குப் போய்க்கொண்டிருந்தது. சத்தமே இல்லை. அது வருவதற்காகத்தான் அவர் காத்திருந்திருக்கிறார். அது இரண்டு தரம் வந்து போனது, நான் ஏறவில்லை.

திரும்பிவந்த ஞாயிற்றுக்கிழமை பிரிட்ஜ்வாட்டர் கோயில் கேன்டீனில் செல்வராஜைப் பிடித்தேன். கம்பெனியில் எனக்கு மூத்தவர், மகாதேவனோடு பல வருஷப் பழக்கம். தட்டில் புளியோதரையோடு நின்றவரை ஓரமாகக் கூப்பிட்டு, "நீங்க அந்த புக்க பாத்தீங்கதானே?" என்றேன்.

அவர் முகம் மாறியது. "பாத்தேன்."

"அப்புறம் ஏன் இல்லேன்னு சொன்னீங்க? அந்த மனுஷன் மாடிப்படி ஏறி ஏறி இறங்கறாரு. மூணு பேரா சேந்து அவர பைத்தியமாக்கி வெச்சிருக்கீங்க."

"சேந்தெல்லாம் இல்ல வான்மதி. சாந்தி சொன்னது எனக்குத் தெரியாது, நான் சொன்னது சபரிக்குத் தெரியாது. அவர் முன்னாடி போய் உக்காந்தா வாயில அதுதான் வரும்." புளியோதரையை ஸ்பூனால் கிளறினார். "நீ போய் சொல்லேன் பாக்கலாம்."

சொல்லத்தான் போகிறேன் என்று வீறாப்பாகக் கிளம்பினேன். எனக்கு வாய் நீளம் என்று ஊரெல்லாம் பெயர். கோயிலிலிருந்து ஈஸ்ட் பிரன்ஸ்விக் போகிற அரை மணி நேரமும் காரில் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

அவர் வாசலிலேயே நின்றிருந்தார். புதுச் சட்டை போட்டிருந்தார். அந்தச் சட்டையைப் பார்த்ததும் எனக்குப் பாதி தைரியம் போய்விட்டது. உள்ளே மேஜையில் பழுப்பு நிறப் பை. காபி வந்தது. கண் மூடாத அந்தப் படம், பேய் வீடு, படியில் இரண்டு குறைந்தது எல்லாம் பேசினோம். கடைசியில் அவர் விரல்களைக் கோத்துக்கொண்டு கேட்டார்.

"புக்கு?"

"பழசெல்லாம் வெச்சிருக்கறதில்லயாம் அங்கிள்."

என் குரல்தான் அது. இவ்வளவு இயல்பாக வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அவர் தலையை ஆட்டினார். முகத்தில் ஏமாற்றம் இல்லை, தண்டனை தள்ளிப்போனவரின் முகம் அது. என்னால் அங்கே ஒரு நிமிஷம்கூட உட்கார முடியவில்லை. எழுந்து, ஏதாவது பேசவேண்டுமே என்று, கைப்பையிலிருந்து கவரை எடுத்து நீட்டினேன்.

"உங்களுக்கு சாக்லேட் ஆகாதேன்னு இதக் கொண்டு வந்தேன். அந்த ஆலையில நானே செஞ்சது. வர்றவங்களுக்கெல்லாம் செஞ்சு எடுத்துட்டுப் போகக் குடுக்கறாங்க."

அவர் காகிதத்தை வெளியே எடுத்தார். விளிம்பைத் தடவினார். அந்த விரல் அப்படியே நின்றுவிட்டது.

நான் செய்த காரியம் எனக்கு அப்போதும் புரியவில்லை. அவர் மேஜைக்குப் போனார். பழுப்புப் பையின் ஜிப்பைத் திறந்து, ஒன்றும் எழுதாத அந்த முரட்டுக் காகிதத்தை எடுத்தார். இரண்டையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு ஜன்னலுக்குப் போய் வெளிச்சத்தில் காட்டினார். என் காகிதத்தின் நடுவில், ரூபாய் நோட்டில் தெரிகிற மாதிரி, வாட்டர்மார்க்காக ஒரு சின்ன உருவம் தெரிந்தது, கோழித் தலையும் பாம்பு வாலுமாக ஒன்று. அனந்தலக்ஷ்மியின் காகிதத்திலும் அதே இடத்தில் அதே கோழித் தலை, அதே பாம்பு வால்.

"ஹோட்டல் பேப்பர்னு சொல்லிக்கிட்டே இருந்தேன்" என்றார், ஜன்னலைப் பார்த்தபடியே. "விரிசல் பாக்கறதுதான் எனக்கு வேலை. இத ஒரு நாள்கூட வெளிச்சத்துல பிடிச்சுப் பாக்கல."

"அங்கிள்..."

"அப்ப புக்கும் இருக்கு."

நான் என் கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினேன்.

"மூணு பேரும் இல்லேன்னு சொல்றப்ப ஒருத்தர்கூட என் மூஞ்சியப் பாக்கல. எனக்குத் தெரியும்மா. தெரிஞ்சுதான் அடுத்த ஆளை அனுப்பினேன். என்ன எழுதியிருக்கா?"

சொன்னேன். ஐந்து வரியும் எனக்கு மனப்பாடம் ஆகியிருந்தது. 'ஒன்றையும் விடவில்லை' வரை அவர் அசையாமல் நின்றார். 'அவருக்குச் சந்தோஷமாக இருக்கும்' என்றதும் ஜன்னல் கட்டையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தரையில் உட்கார்ந்துவிட்டார். அழுகையில் சத்தம் வரவில்லை, முதுகு மட்டும் குலுங்கியது.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "திட்டேன்மா" என்றார். "நீ கோவக்காரின்னு முகிலன் சொல்லியிருக்கான். ஏழு வருஷமா ஒருத்தரும் திட்டல. போனா போகுது, விதி, அவ்வளவுதான்னு எல்லாரும் தடவிக் குடுக்கறாங்க. நீயாவது திட்டு."

நயாகராவில் படகுக்கு வரிசையில் நின்றபோது முகிலன் நெற்றியைப் பிடித்துக்கொண்டிருந்தது என் கண்முன்னால் வந்தது. அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். கிளம்பும்போது அவர் இரண்டு காகிதங்களையும் மடிக்காமல் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்திருந்தார்.

அதற்குப் பிறகு நான்கு மாதம் நான் அந்தப் பக்கம் போகவில்லை. பயம்தான். அவருக்கு ஏதாவது ஆகியிருந்தால் அது என் கையால் என்று நினைத்துக்கொண்டு, போன் மணி அடிக்கும்போதெல்லாம் முகிலனையே எடுக்கச் சொன்னேன். பேஸ்மென்டில் இப்போது சத்தம் கேட்பதில்லை என்று அவன் ஒருநாள் சொன்னான்.

2001 மார்ச்சில் எங்கள் டிபார்ட்மென்டில் புதிதாகச் சேர்ந்த யாமினிக்கு பாசல் போகிற முறை வந்தது. அவளை அங்கிள் வீட்டுக்கு அனுப்பலாமா வேண்டாமா என்று நான் குழம்பிக்கொண்டிருக்கும்போதே அவள் போய்விட்டு வந்திருந்தாள். மறுநாள் என் மேஜைக்கு வந்து நின்றாள்.

"அஞ்சு மியூசியம், படிக் கணக்கு எல்லாம் இருக்கும்னு எல்லாரும் பயமுறுத்தினீங்களே? என் பையைக்கூட அவர் தூக்கிப் பாக்கல. இது ஒண்ணுதான் குடுத்தாரு."

ஜெராக்ஸ் இல்லை, பேனாவால் புதிதாக எழுதியது. வாங்கிப் படித்தேன்.

'யாமினிக்கு. பாசலில் நல்ல மியூசியங்கள் நிறைய இருக்கின்றன. உனக்குப் பிடித்த ஒன்றைப் பார். அதுவும் பாதியில் அலுத்துப்போனால் வெளியே வந்துவிடு. டிக்கெட் வீணாகட்டும். தோளோ காலோ வலித்தால் ரூமுக்குப் போய்ப் படு, யாரையும் கேட்க வேண்டாம். மத்தியானம் ஒரு மணிக்கு எனக்கு ஒரு போன் செய். இங்கே காலை ஏழு மணி. நான் எங்கேயும் போகமாட்டேன், வீட்டில்தான் இருப்பேன்.'